குதிரைக்கு எதற்காகச் சத்திரசிகிச்சை?

கால் முறிந்த குதிரையைச் சுட்டுவிடுவார்கள் என்பது நாமெல்லோரும் கேள்விப்பட்ட சங்கதி. கால் முறியவில்லை, எலும்பைத் தாங்கிப் பிடிக்கும் இணைநார் மட்டும் சேதமாகியிருக்கிறது என்றால் என்ன செய்வது? இது முன்னதைவிடச் சிக்கலான கேள்வி. இங்கே குதிரை சாகக் கிடக்கவில்லை. உழைக்க முடியாமல் நிற்கிறது.

நுவரெலியாவில் பந்தயத் திடல் 1875இல் அமைந்தது. ஏப்ரல் சீசனில் குதிரைகள் ஓடுவதைப் பார்க்கக் கொழும்பிலிருந்தும் சனம் வரும். மற்ற நாட்களில் கிரகரி வாவிக் கரையில் பிள்ளைகளைச் சுமந்து நடக்கும் குதிரைகளைத்தான் காணலாம். அப்படிச் சவாரிக் குதிரை வைத்துப் பிழைக்கும், எனக்கு அறிமுகமான ஒருவர், பின்னங்கால் நொண்டத் தொடங்கிய தன் பெண்குதிரையைப் பற்றிக் கேட்டார். “நானா, ஒப்பரேஷன் செஞ்சா நடக்குமாம் எண்டு சொல்றாங்க. செய்யவா, வாணாமா?” நான் மிருக வைத்தியன் அல்லன். நாலு கிதாபு ஓதியவன் என்ற எண்ணத்தில் கேட்டிருக்கிறார். அதனால் வைத்தியத்தையும் கொஞ்சம் விசாரித்தறிய வேண்டியதாயிற்று.

குதிரையின் காலில், முழங்காலுக்குக் கீழே, தசை என்று சொல்லத்தக்கது ஏறத்தாழ இல்லை, எலும்பும் நாருமே. நீண்டு இறங்கும் எலும்பின் பின்புறமாக ஒரு தடித்த நார் ஓடிவந்து, இரண்டாகப் பிரிந்து, குளம்புக்கு மேலுள்ள மூட்டைத் தொட்டில் போல ஏந்திக்கொள்கிறது. ஒவ்வோர் அடியிலும் உடற்பாரம் அதில் இறங்குகிறது. சேதமானால் ஆறும்; ஆனால் தழும்பாக ஆறும், பழைய நெகிழ்ச்சி வராது. ஆறு மாதம், ஒரு வருடம் என்று இழுக்கும். இனி அந்தச் சத்திரசிகிச்சை. பின்னங்காலில் அந்த நாரின் மேற்பகுதிக்கு உணர்வு கொடுக்கும் சிறு நரம்பை வெட்டியெடுத்து, நாரை இறுக்கி மூடியிருக்கும் உறையையும் பிளந்துவிடுவார்கள். இறுக்கம் தளரும், வலி மறையும், பல குதிரைகள் சவாரிக்குத் திரும்பும். நார் மட்டும் தைக்கப்படுவதில்லை. அது முன்பிருந்தபடியே இருக்கும்.

எனக்கு உறுத்தியது இந்த இடம்தான். வாயில்லாச் சீவன் என்கிறோம். ஆனால் நொண்டுவதுதான் அதன் பேச்சு. ‘இதற்கு மேல் சுமக்காதே’ என்று உடம்பு சொல்வதை அது நமக்குக் காட்டுகிறது. நரம்பை வெட்டுவது அந்தப் பேச்சை வெட்டுவதாகும். நரம்பு வெட்டப்பட்ட குதிரைகளைச் சர்வதேச குதிரையேற்றச் சம்மேளனம் போட்டிகளில் சேர்ப்பதில்லை. வலி தெரியாத காலை அது முழுவதுமாக முறித்துக்கொள்ளும் என்ற அச்சம் அதில் இருக்கிறது.

மயக்க மருந்தின் ஆபத்தும் சிறிதல்ல. வயிற்று நோவு அல்லாத காரணங்களுக்காக முழு மயக்கம் கொடுக்கப்பட்ட குதிரைகளில் நூற்றுக்கு ஒன்றளவு இறந்ததாகப் பல நாட்டு வைத்தியசாலைகளில் திரட்டிய கணக்கு கூறியது. 1975 ஜூலை 6இல் நியூயோர்க்கில் ஓடும்போதே கால் நொறுங்கிய ரஃபியன் என்ற பெண்குதிரைக்கு அன்றிரவே சத்திரசிகிச்சை செய்தார்கள். மயக்கம் தெளிந்த குதிரை இன்னும் பந்தயத்தில் ஓடுவது போலக் கால்களை உதைத்து, சரிசெய்த காலையும் கெடுத்துக்கொண்டது. பின்னர் அதைக் கொல்லவே நேர்ந்தது. 2006இல் கால் முறிந்த பார்பாரோவுக்கு மிகத் தேர்ந்த வைத்தியம் கிடைத்தது. எட்டு மாதங்களின் பின், 2007 ஜனவரியில், மற்றக் கால்களின் குளம்புகளுக்குள் நோய் கண்டு அதுவும் கொல்லப்பட்டது. படுத்தே கிடந்து குணமாகும் மனிதனுக்குள்ள வசதி குதிரைக்கு இல்லை.

ஆகவே அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: இனி யாருமே இதன் முதுகில் ஏறமாட்டார்கள் என்றாலும் இந்தச் செலவைச் செய்வீரா? ஆம் என்றால் செய்யலாம். மேய்ந்து திரியும் விலங்குக்கு வலியைப் போக்குவது இரக்கமே. மீண்டும் சுமக்க வைப்பதற்காக என்றால் அதற்கு வைத்தியம் என்று பெயர் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் உடனே பதில் சொல்லவில்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு அந்தக் குதிரையின் முதுகில்தான் இருக்கிறது என்பது எனக்கும் தெரியும்.

மனிதருக்கே வைத்தியம் போதாத மலைநாட்டில் குதிரைக்கு இத்தனை விசாரமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் ஹற்றன் பக்கத்து மலைச்சரிவில் முழங்கால் தேய்ந்த பெண், இரண்டு பெனடோலை விழுங்கிவிட்டு மறுபடி கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போவதை நாம் காணாதவர்களா? அவளுக்கும் வலிதான் நிறுத்தப்படுகிறது, சுமை நிறுத்தப்படுவதில்லை. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாவதற்கே 2021 வரை காத்திருந்தவர்கள் அவர்கள். இரண்டும் ஒரே கேள்விதான் என்பது என் எண்ணம்.

நம் மத்ரஸாக்களில் ஓதப்படும் ‘ஃபத்ஹுல் முஈன்’ நூலில் ஒரு மஸ்அலா உண்டு. உண்ண ஆகுமாகாத பிராணியை, அதன் துன்பம் தீர்ப்பதற்காகவேனும், அறுப்பது கூடாது. தீரா நோயில் கிடக்கும் கழுதையை உதாரணம் காட்டுகிறார் மலபாரின் ஸைனுத்தீன் மக்தூம். ஷாஃபிஈ மத்ஹபில் குதிரை உண்ண ஆகுமானது. எனவே அதற்கு அந்தத் தடை இல்லை. கழுதைக்கு மூடிய கதவு குதிரைக்குத் திறந்திருப்பது, துன்பத்தின் அளவினால் அல்ல, இறைச்சியின் சட்டத்தினால். இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குச் சற்றுத் தயக்கம் ஏற்படுவதுண்டு. எனினும் அதே ஃபிக்ஹு மற்றோர் இடத்தில் தெளிவாகவே பேசுகிறது: உழைக்காத பிராணிக்கும் தீனி கொடுப்பது சொந்தக்காரன் கடமை, மறுத்தால் தீனி போடு, அல்லது விற்றுவிடு, அல்லது ஆகுமானதாயின் அறு என்று அதிகாரி அவனைக் கட்டாயப்படுத்த வேண்டும்.

நுவரெலியாவில் நாலாவதாக ஒரு வழியும் இருக்கிறது, கயிற்றை அவிழ்த்து விடுவது. சொந்தக்காரன் யாரென்று தெரியாத குதிரைகள் பனியில் நனைந்தபடி நகரத்து வீதியோரங்களில் குப்பையைக் கிளறித் தின்பதைப் பார்த்திருக்கிறேன். விலங்கு வதையைத் தடுக்க 1907இல் இயற்றப்பட்ட கட்டளைச் சட்டம் அதற்கு விதித்த உச்சத் தண்டப்பணம் நூறு ரூபா.