தொப்பியைக் கழற்றியவரும் கட்சி மாறியவரும்

1891 பிப்ரவரியில் நியூயார்க் குளிரில் விறைத்துக்கிடந்தது. தளபதி ஷெர்மனின் இறுதி ஊர்வலம். முன்வரிசையில், தலையில் தொப்பியில்லாமல் ஒரு கிழவர். பெயர் ஜோசப் ஜான்ஸ்டன், வயது 84. அமெரிக்க உள்நாட்டுப் போரில் இதே ஷெர்மனை எதிர்த்து நின்ற தென்மாநிலத் தளபதி. தொப்பியைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார்களாம். அவர் என் இடத்தில் இருந்தால் போட்டிருக்க மாட்டார் என்று மறுத்தாராம். சளிக்காய்ச்சல் கண்டு அடுத்த மாதமே இறந்துபோனார்.

மனத்தை உருக்கும் கதைதான். 1865 ஏப்ரலில் வட கரோலினாவில் ஒரு பண்ணைவீட்டில் வைத்து, ஏறத்தாழ 90,000 வீரர்களோடு ஜான்ஸ்டன் ஷெர்மனிடம்தான் சரணடைந்தார். பசித்திருந்த எதிரிப் படைக்கு ஷெர்மன் உணவு கொடுத்து அனுப்பினார். அதை ஜான்ஸ்டன் கடைசிவரை மறக்கவில்லை.

ஆனால் போர் எதற்காக நடந்தது? சுமார் நாற்பது லட்சம் கறுப்பின மக்கள் அடிமைகளாக இருந்தார்கள், அதற்காக. பண்ணைவீட்டில் பேச உட்கார்ந்தவர்களில் அவர்கள் சார்பாக ஒருவரும் இல்லை. ஷெர்மன் முதலில் எழுதிக்கொடுத்த நிபந்தனைகளில் அடிமைமுறை பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. வாஷிங்டன் அவற்றை நிராகரித்தது. இருவரும் கடைசிவரை நண்பர்களாக இருக்க முடிந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. அந்த நட்பு எவரிடமும் எதையும் விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை.

விட்டுக்கொடுத்தவர் ஜேம்ஸ் லாங்ஸ்ட்ரீட். தென்மாநிலப் படைத் தளபதி லீயின் வலக்கை. எதிரணித் தளபதி கிராண்டுக்கு இளமைத் தோழர். 1867இல் நியூ ஆர்லியன்ஸ் பத்திரிகைக்கு அவர் எழுதிய கடிதத்தின் சாரம் இதுதான்: தோற்றுவிட்டோம், ஜெயித்தவர்களின் சட்டத்தை ஏற்போம், கறுப்பர்களின் வாக்குரிமை உட்பட. அவரைப் புரட்சிக்காரர் ஆக்கிவிட வேண்டாம். அந்த வாக்குகளை வெள்ளையர் தம் கைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்ற கணக்கும் அவருக்கு இருந்தது. ஆனாலும் அந்தப் பாதை அவரை எங்கோ கொண்டுபோய்விட்டது. 1874 செப்டம்பரில், தேர்ந்தெடுக்கப்பட்ட அரசைக் கவிழ்க்க ‘வெள்ளையர் கழகம்’ ஆயுதத்தோடு தெருவில் இறங்கியபோது, காவல்படைக்கும் கறுப்பர் படைக்கும் தலைமை தாங்கி எதிரே நின்றவர் அவர்தான். எதிரே இருந்தவர்களில் பலர் தென்மாநிலப் படையின் பழைய வீரர்கள். காயம்பட்டு அவர்களிடமே பிடிபட்டார்.

அதை அவர்கள் மன்னிக்கவேயில்லை. 1870இல் லீ இறந்ததும், கெட்டிஸ்பர்க் சண்டையில் லீ தோற்றதற்குக் காரணமே லாங்ஸ்ட்ரீட்தான் என்று பழைய சகாக்கள் எழுதத் தொடங்கியிருந்தார்கள். அரசியல் கசக்கக் கசக்க அந்தப் பழியும் கெட்டிப்பட்டது. இத்தனைக்கும் அந்தச் சண்டையில் எதிரியை நேரே தாக்க வேண்டாம் என்று வாதாடியவர் அவர். நம்மைத் தோற்கடித்தவனோடு கைகுலுக்கலாம், அவன் வீரத்தை மெச்சலாம், அவன் பிணத்தின் பின்னே நடக்கலாம். அதில் நம் அந்தஸ்துக்குக் குறைவில்லை, கூடத்தான் செய்யும். நேற்றுவரை நமக்குக் கீழே இருந்தவனுக்குப் பக்கத்தில் போய் நின்றால் ஊர் துரோகி என்கிறது. தளபதிகள் கட்டித்தழுவிய படங்களைப் பார்க்கும்போதெல்லாம் நான் தேடுவது, அந்தப் படத்தில் இல்லாதவர்களை.

கெட்டிஸ்பர்க் களத்தில் லீ 1917 முதல் உயரமான பீடத்தின் மேல் குதிரையில் வீற்றிருக்கிறார். லாங்ஸ்ட்ரீட்டுக்கு அங்கே சிலை வந்தது 1998இல்; பீடம் கிடையாது, தரைமட்டம். வெள்ளையர் கழகத்தின் கலகத்துக்கு நியூ ஆர்லியன்ஸில் நினைவுத்தூண் எழுந்ததும், ஜான்ஸ்டன் தொப்பியைக் கழற்றிய அதே 1891இல்தான். 2017இல் அதை விடியுமுன் அகற்றவந்த தொழிலாளர்கள் முகத்தை மறைத்துக்கொண்டு, குண்டு துளைக்காத அங்கி போட்டுக்கொண்டுதான் வேலை செய்தார்கள்.