வழியின் ஹக்கும் வண்டி நிறுத்தும் இடமும்



பாதை ஓரங்களில் உட்கார வேண்டாமென்று பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு சமயம் தம் தோழர்களை எச்சரித்தார்கள். கூடிப் பேசுவதற்கு எங்களுக்கு வேறு இடமில்லையே என்று தோழர்கள் முறையிட்டார்கள். அப்படியானால் பாதைக்குரிய ஹக்கைக் கொடுத்துவிடுங்கள் என்று நாயகம் அவர்கள் இணங்கினார்கள். பார்வையைத் தாழ்த்துவது, பிறருக்குத் தொல்லை தராமலிருப்பது, ஸலாமுக்குப் பதில் சொல்வது, நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பது ஆகியவையே அந்த ஹக்கு என்றும் விளக்கினார்கள். அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது.

'வேறு இடமில்லையே' என்ற அதே முறையீட்டைத்தான் இன்று கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இடமில்லை என்பது உண்மை. ஆனால் இடமில்லாமை பாதையின் ஹக்கை ரத்துச் செய்துவிடவில்லை; அந்த ஹக்கு விதிக்கப்பட்டதே இடமில்லாதவர்களுக்குத்தான். இதைக் கவனிக்க வேண்டும்.

கடைவாசலுக்கும் பாதைக்கும் உள்ள தகராறு இந்நாடுகளில் புதிதல்ல. 1822-ம் ஆண்டு ராபிள்ஸ் சிங்கப்பூருக்கு நகரத் திட்டம் வகுத்தபோது, கடை வரிசைகளின் முன்னால் தொடர்ச்சியாகக் கூரையிட்ட நடைபாதை விட வேண்டுமென்று விதித்தார். நம்மவர் அஞ்சடி என்று சொல்லும் பாதை அதுதான். கடைக்காரர்கள் அதிலே சரக்கைப் பரப்பினார்கள். நகராட்சி அகற்ற முனைந்தது. 1888-ல் கடையடைப்பும் கலகமும் மூண்டன. அன்று மூட்டையும் பெட்டியும் செய்ததை இன்று காரும் வேனும் செய்கின்றன.

நம் மார்க்க அறிஞர்கள் இவ்விஷயத்தை எவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார்கள் என்பதை வியாபாரிகளாகிய நாம் அறிந்திருப்பது நல்லது. ஹிஜ்ரி 676-ல் வபாத்தான இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் 'மின்ஹாஜ்' என்ற நூலில் பொதுப்பாதையைப் பற்றிக் கூறுகிறார்கள். பாதையின் முதற்பயன் நடப்பது. நடப்பவருக்கு நெருக்கடி இல்லையானால் அதன் ஓரத்தில் உட்கார்ந்து வியாபாரம் செய்யலாம். அதற்கு ஆட்சியாளரின் அனுமதிகூடத் தேவையில்லை. வெயிலுக்குப் பாய் கட்டிக்கொள்ளவும் செய்யலாம். முந்தி வந்தவருக்கே முதல் உரிமை. இருவர் ஒரே நேரத்தில் போட்டியிட்டால் சீட்டுக் குலுக்க வேண்டியதுதான். திரும்பி வரும் எண்ணத்தோடு எழுந்து போனால் உரிமை போகாது. ஆனால் வாடிக்கைக்காரர்கள் வேறு ஆளைத் தேடிப் போகுமளவுக்கு நீண்ட காலம் வராமலிருந்தால் அது போய்விடும்.

இதைப் படித்துவிட்டு, 'பத்து வருஷமாக இந்த இடத்தில்தான் என் வண்டி நிற்கிறது. ஆகவே அது என் இடம்' என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். இமாம் அவர்கள் பேசுவது வாடிக்கைக்காரர் தேடிவரும் பிழைப்பிடத்தைப் பற்றி. இரவெல்லாம் உறங்கும் காருக்கு வாடிக்கைக்காரர் யார்? தாமானில் வீட்டுக்கு முன்னாலுள்ள சாலை பொதுச்சாலை. அதில் முந்தி வந்து நிறுத்தினால் நிற்கலாம், எடுத்துக்கொண்டு போனால் அடுத்தவர் நிறுத்தலாம். நாற்காலி, பூந்தொட்டி, சிமெண்டு ஊற்றிய பெயின்ட் டின் இவற்றை வைத்து இடம் பிடிப்பதற்கு நான் எந்தக் கிதாபிலும் ஆதாரம் காணவில்லை.

இதற்கு மாறான ஒரு சட்டம் உண்டு. பள்ளிவாசலின் முன் சப்பில் ஒருவர் ஆள் அனுப்பி முஸல்லாவை விரித்து வைத்துவிட்டு வீட்டிலிருந்தால், முந்தி வந்தவர் அதை ஒதுக்கிவிட்டுத் தொழலாம். கையால் தூக்கக்கூடாது, தூக்கினால் அதற்குப் பொறுப்பாளியாகிவிடுவார், காலால் மெள்ள நகர்த்த வேண்டும் என்று ஷாபிஈ அறிஞர்கள் எழுதினார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் பெயின்ட் டின்னைக் கோபத்தோடு சாக்கடையில் எறிகிறவர் இதைக் கவனிக்கட்டும். இடம் பிடித்தது அவர் குற்றம். எறிந்த டின்னுக்கு நீங்கள் பொறுப்பு.

அடுக்குமாடி வீடுகளின் கதை வேறு. அங்கே வண்டி நிறுத்தும் இடம் இரண்டு விதம். சில இடங்கள் வீட்டுப் பத்திரத்தோடு சேர்ந்தவை. அவை முழுச் சொந்தம். அனுமதியின்றி அதில் வண்டியை விட்டால் அது கஸ்பு, அதாவது அபகரிப்பு. 'ஒரு மணி நேரந்தானே' என்பது பதிலாகாது. அபகரித்த பொருளின் பயனுக்கும் வாடகை கொடுக்க வேண்டுமென்பது ஷாபிஈ மத்ஹபு. (ஹனபிச் சகோதரர்களுக்கு இதில் கருத்து வேற்றுமை உண்டு, ஆனால் அபகரிப்பு ஹராம் என்பதில் எவருக்கும் இல்லை.) ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவன் கழுத்தில் ஏழு பூமிகள் மாலையாக மாட்டப்படும் என்று நாயகம் (ஸல்) எச்சரித்தது நமக்குத் தெரியாததல்ல.

மற்றவை பொதுச்சொத்து. முட்டுச்சந்துக்கு நம் இமாம்கள் சொன்ன சட்டத்தையே இதற்கு ஒப்பிடலாமென்பது என் கருத்து. முட்டுச்சந்து அதில் வாசல் உள்ளவர்கள் அனைவருக்கும் கூட்டுச் சொத்து. வெளியார் மட்டுமல்ல, அவர்களில் ஒருவரே ஒரு தாழ்வாரத்தை அதில் நீட்டுவதானாலும் மற்றவர்களின் சம்மதம் வேண்டும். கடைச் சரக்கு ஏற்றிய வேனை விருந்தாளிகளுக்கான இடத்தில் வாரக்கணக்கில் நிறுத்திக் கிட்டங்கியாக்கிக் கொள்பவர், சம்மதமின்றித் தாழ்வாரம் நீட்டியவரே. பொம்பா வண்டி திரும்ப வேண்டிய மூலையில் அந்த வேன் நின்றால் விஷயம் இன்னும் பெரிது. மேல்மாடியில் தீப்பிடித்த நாளில் அந்தப் பாவத்தின் கனத்தை யார் அளந்து சொல்வது?

இனி, சக்கரப் பூட்டுக்கு வருவோம். மலேசியாவில் 2013-ம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டமும், அதன்கீழ் 2015-ல் வந்த விதிகளும், பொதுச்சொத்தில் தவறாக நிறுத்திய வண்டியைப் பூட்டவோ இழுத்துச் செல்லவோ நிர்வாகத்துக்கு இடங்கொடுக்கின்றன. விடுவிக்க நிர்வாகம் வாங்கும் கட்டணம் 200 வெள்ளியைத் தாண்டக்கூடாது. இழுத்துச் சென்ற செலவும் வைத்திருந்த செலவும் தனி. வீடு வாங்கும்போது இவ்விதிகளுக்குக் கட்டுப்பட்டே வாங்குகிறோம். முஸ்லிம்கள் தாங்கள் ஏற்ற நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பது ஹதீது. ஆகவே பூட்டைக் கண்டதும் ரம்பத்தைத் தேடுவது முறையல்ல. உடைத்தவர் பூட்டின் விலைக்குக் கடனாளி.

ஆனால் நிர்வாகக் குழுவில் நம்மவர்களும் இருக்கிறார்கள். பூட்டுப் போடும் தொழிலை நடத்துபவர்களும் இருக்கலாம். அவர்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. உதுமானியர் தொகுத்த 'மஜல்லா' சட்டத்தை ஜொகூர் அரசாங்கம் 1913-ல் மலாயில் ஆக்கி வெளியிட்டது. தீங்கு செய்வதும் இல்லை, பதிலுக்குத் தீங்கு செய்வதும் இல்லை என்பது அதன் 19-வது விதி. ஒரு தீங்கை அதைப் போன்ற இன்னொரு தீங்கால் நீக்கக்கூடாது என்பது 25-வது விதி. அறிவிப்புப் பலகையை மரத்தின் பின்னால் மறைத்து வைத்துவிட்டு, விருந்துக்கு வந்தவரின் காரை ஐந்தாவது நிமிஷத்தில் பூட்டுவது காவலா, வேட்டையா? தெரியாத நிபந்தனைக்கு ஒருவர் எப்படிக் கட்டுப்படுவார்? பொருளைப் பறித்துத் தண்டிப்பதை ஷாபிஈ அறிஞர்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை. ஆகவே வாங்கும் பணம் உண்மைச் செலவுக்கும் பொதுநிதிக்கும் போக வேண்டும். பூட்டுக்கு இத்தனை என்று பங்கு பேசிக்கொண்டால், தவறு கூடக்கூட வருமானம் கூடும் வியாபாரமாகிவிடும். பொதுச்சாலையிலோ, குடியிருப்போர் சங்கத்துக்குப் பூட்டும் உரிமையே கிடையாது.

வாசலில் நிற்கும் ஜாகாவின் நிலையை நினைத்துப் பாருங்கள். மலேசியாவில் பலர் நேபாளத்திலிருந்து பிழைப்புக்கு வந்தவர்கள். விதியை எழுதியவர் அவரல்ல. 2019 அக்டோபரில் சிங்கப்பூரில் ஒரு குடியிருப்பில், இரவு பதினொரு மணிக்கு மேல் வரும் விருந்தாளியின் காருக்கு 10 வெள்ளி கேட்டதற்காக ஒரு காவலாளி வசை கேட்க நேர்ந்தது. அந்தக் காட்சி ஊரெங்கும் பரவியது. 10 வெள்ளிக்காக ஒருவர் மானத்தைக் கெடுப்பதை மறுமையின் கணக்கில் பாருங்கள். தொழுகை, நோன்பு, ஜகாத்து எல்லாவற்றோடும் வந்து, ஏசியதற்கும் அடித்ததற்கும் பிறர் பொருளை உண்டதற்கும் நன்மைகளை எடுத்துக் கொடுத்து, அது தீர்ந்ததும் அவர்களின் பாவங்களைத் தலையில் வாங்கிக்கொள்பவனையே நாயகம் (ஸல்) அவர்கள் திவாலானவன் என்று காட்டினார்கள். கணக்குப் புத்தகம் வைத்திருக்கும் நமக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

தகராறு முற்றினால் மலேசியாவில் அடுக்குமாடி நிர்வாகத் தீர்ப்பாயம் இருக்கிறது. 250,000 வெள்ளி வரையுள்ள கோரிக்கைகளை அது விசாரிக்கும். அதற்கு முன் ஸுல்ஹு முயற்சி செய்யலாம். முட்டுச்சந்துச் சட்டங்களை இமாம் நவவீ எழுதியிருப்பதே ஸுல்ஹுப் பாடத்தில்தான். இடம் குறைவென்றால் குலுக்கல் முறையில் மாதத்துக்கொருவராக மாற்றிக்கொள்ளலாம். லாரியில் சரக்கு இறக்கும் நேரத்தைப் பக்கத்துக் கடைக்காரரோடு பேசி வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக வெள்ளிக்கிழமை. 1801-ல் எழுந்த பினாங்கு கப்பித்தான் கிளிங் பள்ளியைச் சுற்றியானாலும், கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வட்டாரமானாலும், அந்தத் தெருக்கள் கார்களுக்காகப் போடப்பட்டவையல்ல. குத்பாவுக்குப் பிந்திவிட்டோமென்று நின்ற வண்டிக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஓடுகிறோம். உள்ளே மாட்டிக்கொண்டவர் சீனக் கடைக்காரராக இருக்கலாம், நோயாளியை ஏற்றி வந்த டாக்ஸிக்காரராக இருக்கலாம். அண்டை வீட்டார் என்று திருமறை சொல்லும்போது மார்க்கம் கேட்டு எழுதவில்லை. அடியார்களின் ஹக்கை அந்த அடியாரே மன்னிக்க வேண்டும். பர்ளு முடிந்ததும் சுன்னத்தைக் கடையில் தொழுதுகொள்ளலாம். முதலில் போய் வண்டியை எடுங்கள். காத்திருந்தவரிடம் ஒரு வார்த்தை மன்னிப்பும் கேளுங்கள். அடுத்த வாரம் அரை மணி முந்தி, கடைப்பையன்களையும் ஏற்றிக்கொண்டு ஒரே வண்டியில் வாருங்கள்.