உருகிப்போன கம்பி



உங்கள் தகப்பனார் ஓட்டிய பழைய அம்பாசடர் கார் ஒன்று வீட்டுக் கொட்டகையில் நிற்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். 1957-ல் தொடங்கிய அதன் உற்பத்தி 2014-ல் நின்றுபோனது. ஆயினும் அதை ஆசையோடு பேணுகிறவர்கள் பலருண்டு. சாவியைத் திருப்புகிறீர்கள். எஞ்சின் ஓடுகிறது, ஹாரன் ஒலிக்கிறது, விளக்குகள் எரிகின்றன. ரேடியோ மட்டும் ஊமை. எவ்வளவு திருகினாலும் அதன் முகப்பு விளக்குக்கூட எரியவில்லை. "பெட்டி செத்துவிட்டது, கழற்றி எறியுங்கள்" என்கிறான் பிள்ளை.

அவசரப்படாதீர்கள். ரேடியோவுக்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பியைத் தொட்டுக்கொண்டே போனால், வழியில் ஒரு சிறு கூடு இருக்கும். அதற்குள் விரல்நுனியளவு கண்ணாடிக் குழாய். குழாய்க்குள் மயிரிழை போன்ற ஒரு கம்பி. அதுதான் பியூஸ். அளவுக்கு மிஞ்சிய மின்சாரம் பாய்ந்தால் அது தான் உருகி, பெட்டியையும் காரையும் காப்பாற்றும். சில வேளை கம்பி அறாமலே, முனைகளில் பிடித்த களிம்பே மின்சாரத்தைத் தடுத்துவிடும். களிம்பைச் சுரண்டினால், அல்லது சில ரூபாயில் புதுப் பியூஸ் போட்டால், ஊமைப் பெட்டி பேசும்.

1931-ம் வருஷம் பெப்ருவரி 12-ந் தேதி, மார்க்கோனி அமைத்துக் கொடுத்த வத்திக்கான் வானொலியைப் பாப்பரசர் 11-ம் பத்திநாதர் திறந்து வைத்து, உலகத்தாரை நோக்கிப் பேசினார். அன்றும், பெட்டி ஊமையாய்க் கிடந்த வீட்டில் அக்குரல் கேட்டிராது. குற்றம் பேசினவரிடமா?

"சுவாமி, செபம் சொன்னால் மனம் ஒட்டவில்லை, சர்வேசுரன் என்னைக் கைவிட்டார்" என்று சொல்லுகிறவர்களே, யோசித்துப் பாருங்கள். உங்கள் வியாபாரம் நடக்கிறது, அடுப்பு எரிகிறது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். எல்லாம் ஓடுகிறபடியால் பழுதொன்றுமில்லை என்றிருந்தீர்கள். ஆத்துமத்தில் மட்டும் சத்தமில்லை. ஆண்டவர் பேச்சை நிறுத்தவில்லை. உங்கள் விசுவாசமும் சாகவில்லை. நடுவில் ஒரு சிறு கம்பி அறுந்திருக்கிறது. நல்ல பாவசங்கீர்த்தனம் அதை மாற்றித் தரும்.

ஆனால் இரண்டு எச்சரிக்கை. 5 ஆம்பியர் பியூஸ் இருந்த இடத்தில் 5 ஆம்பியரே போட வேண்டும். அடிக்கடி போகிறதே என்று தடித்த கம்பியையோ சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளையோ சுற்றிவைக்கிறவர்களுண்டு. ரேடியோ பாடும், ஆனால் உருக வேண்டியது உருகாதபடியால், ஒருநாள் உள்ளேயிருக்கும் கம்பிகள் தீப்பற்றும். "ஊரில் எல்லாரும் செய்கிறதுதானே" என்று மனச்சாட்சியைத் தடிக்கச் செய்கிறவன் அந்தத் தீயைத்தான் வளர்க்கிறான்.

இரண்டாவது: புதுப் பியூஸும் உடனே உருகினால், எங்கோ உறை தேய்ந்த கம்பி காரின் இரும்பில் உரசுகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் நூறு பியூஸ் மாற்றினாலும் வீண். வருஷா வருஷம் பாஸ்குக்குப் பாவசங்கீர்த்தனம் செய்து, மறுவாரமே பழைய நிலைக்குத் திரும்புகிறவரே, எங்கே உரசுகிறது? பாகப்பிரிவினையில் பேச்சு நின்றுபோன அண்ணனிடத்திலா? படியேறாதே என்று துரத்திய மகளிடத்திலா? காணிக்கையைப் பீடத்தண்டையில் வைத்துவிட்டு, முதலில் சகோதரனோடு சமாதானமாகும்படி சேசுநாதர் கற்பித்ததை மறந்தீரோ?

ஆகையால் இன்றிரவு குடும்ப செபமாலைக்குப்பின் ஐந்து நிமிஷம் ஆத்தும சோதனை செய்யுங்கள். உரசும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். நாளைக் காலையில் அந்த அண்ணன் வீட்டுக் கதவை நீங்களே போய்த் தட்டுங்கள். அங்கிருந்து நேரே பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வாருங்கள். நெடுநாள் கேளாத குரல் மறுபடி கேட்கும். ஆமென்.