ஸ்டீபன் படிக்க நினைத்த படிப்பு

ஸ்டீபன் லாரன்ஸுக்குக் கட்டடக் கலைஞராக வேண்டும் என்று ஆசை. 1993 ஏப்ரல் 22 இரவு, தென்கிழக்கு லண்டனின் எல்தம் பகுதியில் பேருந்துக்குக் காத்திருந்தவரை, கறுப்பர் என்பதற்காகவே வெள்ளையின இளைஞர்கள் சிலர் குத்திக் கொன்றார்கள். அவருக்கு வயது 18. கொலையாளிகளில் இருவருக்குத் தண்டனை கிடைக்கவே 2012 ஆகிவிட்டது.

நீதிக்காகப் போராடிக்கொண்டே, 1998-இல் தாய் டோரீன் மகன் பெயரில் ஓர் அறக்கட்டளையை நிறுவினார். கட்டடக் கலை படிக்க விரும்பும் வசதியற்ற பிள்ளைகளுக்கு அது உதவித்தொகை வழங்கியது. பிரிட்டனில் அந்தப் படிப்பையும் பயிற்சியையும் முடித்துத் தகுதி பெறப் பொதுவாக ஏழு ஆண்டுகளாகும். வீட்டில் பணம் இல்லாத பிள்ளைக்கு அது எவ்வளவு நீண்ட காலம்!

பிள்ளையின் பெயரில் நிதி தொடங்கும் பெற்றோர் பலர், அதிக மதிப்பெண் எடுத்தவருக்குப் பரிசு என்று முடித்துவிடுகிறார்கள். அதையும் குறைசொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் டோரீனின் வழிதான் என்னை அதிகம் நெகிழ வைக்கிறது. தன் மகன் எதைப் படிக்க ஏங்கினானோ, அதைப் படிக்கத் தவிக்கும் பிள்ளைகளை அவர் தேடிப் போனார். தொகை சிறிதென்றாலும் அப்படித் தொடங்கலாம். ஒரு மாணவரின் ஓராண்டுப் புத்தகச் செலவுக்கு ஆனாலும் போதும்.