பாகங்களும் முழுமையும்: பழைய மின்கிட்டாரை முன்வைத்து ஒரு தத்துவ விசாரணை

பல பாகங்கள் சேர்ந்து அமைந்த ஒரு பொருள், அப்பாகங்களுக்கு வேறான தனி இருப்பு உடையதா, அன்றி அவற்றின் தொகுதிக்கு வழங்கப்பட்ட பெயர் மட்டுந்தானா என்னும் வினா இந்தியத் தத்துவ மரபில் நெடுங்காலம் வாதிக்கப்பட்டு வந்துள்ளது. மிலிந்த பஞ்ஹா என்னும் பாலி நூலில் நாகசேனர் என்னும் பௌத்தத் துறவி, கிரேக்க மன்னன் மிலிந்தனிடம் அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று ஒவ்வொன்றாக வினவி, பாகங்களைச் சார்ந்து எழும் வழக்குப் பெயரே தேர் என்று அவன் வாயாலேயே சொல்லவைக்கிறார். மேலை மரபில் இதற்கு இணையானது, பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட, கிரேக்கப் புராண வீரன் தீசியஸின் கப்பலைப் பற்றிப் புளூடார்க் எழுதிய செய்தி; கழற்றிய பழைய பலகைகளைக் கொண்டே இன்னொரு கப்பலைக் கட்டினால் இரண்டில் எது பழைய கப்பல் என்று 1655இல் தாமஸ் ஹாப்ஸ் அந்த வினாவை மேலும் சிக்கலாக்கினார்.

ஆனால் தேரிலும் கப்பலிலும் ஒரு குறை உண்டு. கப்பலில் ஒரு பலகையை மாற்றினால் அடுத்த பலகை தன் நிலையை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. ஒரு பாகம் மாறியதும் எஞ்சிய பாகங்கள் அனைத்தையும் மறுபடி சரிசெய்தே ஆகவேண்டும் என்ற நிலையிலுள்ள பொருளை எடுத்துக்கொண்டால் வினாவின் கூர்மை மிகுகிறது. குறைந்த விலையில் கைமாறும் பழைய மின்கிட்டார் அத்தகைய பொருளாகும்.

கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில் லியோ ஃபெண்டர் உருவாக்கிய கிட்டார்களில், 1954இல் வெளிவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் உட்பட, கழுத்து, அதாவது விரல் பதித்து வாசிக்கும் நீண்ட மரப்பகுதி, உடலோடு பசையிட்டு ஒட்டப்படாமல் நான்கு திருகாணிகளால் பிணைக்கப்பட்டது. தேய்ந்த கழுத்தைக் கழற்றிவிட்டு வேறொன்றை எளிதில் பொருத்த வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். அக்காலத் தொழிற்சாலையில் கழுத்தும் உடலும் தனித்தனியே செய்யப்பட்டுப் பின்னர் இணைக்கப்பட்டமையால், ஒரே கிட்டாரின் கழுத்தின் அடியிலும் உடலின் குழிவிலும் வெவ்வேறு தேதிகள் பென்சிலால் எழுதப்பட்டிருப்பது உண்டு. அதன் வரிசை எண்ணோ 1970களின் நடுப்பகுதிவரை பெரும்பாலும் அத்திருகாணிகள் ஊடுருவும் உலோகத் தகட்டில்தான் பொறிக்கப்பட்டது. கருவியின் அடையாளத்துக்குச் சான்றான எண்ணே திருப்புளி வைத்திருக்கும் எவரும் கழற்றக்கூடிய தகட்டில் இருந்தது என்பது தத்துவ மாணவர்களுக்கு வேண்டிய வேடிக்கைதான்.

கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் 1970இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரக் கடையொன்றில் ஆறு பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்களை மலிவாக வாங்கி, மூன்றை ஜார்ஜ் ஹாரிசன், பீட் டவுன்ஷெண்ட், ஸ்டீவ் வின்வுட் ஆகிய இசைக்கலைஞர்களுக்குக் கொடுத்துவிட்டு, எஞ்சிய மூன்றிலிருந்து சிறந்த பாகங்களைச் சேர்த்து அமைத்த கருவியே 'பிளாக்கி' எனப் புகழ்பெற்றது. அது 2004இல் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 9,59,500 டாலருக்கு விலைபோனது. பழம்பொருள் சேகரிப்போரின் அளவுகோலின்படி வெவ்வேறு கருவிகளின் பாகங்கள் கலந்த கிட்டார் மதிப்புக் குறைந்தது. ஆயினும் இங்கு மூன்று கிட்டார்களின் சிதைவு ஒரு கிட்டாரின் பிறப்பாக ஏற்கப்பட்டது. வழக்கினால் எழும் பெயரே பொருள் என்ற நாகசேனரின் கருத்து ஏலக்கூடத்தைப் பொறுத்தவரை முற்றிலும் சரியே எனலாம்.

கருவியைச் சீரமைக்கும் பட்டறையில் நிலைமை வேறு. செட்அப் எனப்படும் அந்தச் சீரமைப்பு, வீணையின் மெட்டுகளுக்கு நிகரான ஃபிரெட் கம்பிகள் தேய்ந்து பள்ளம் விழுந்துள்ளனவா என்று பார்ப்பதில் தொடங்கி, கழுத்தினுள் புதைந்துள்ள டிரஸ் ராட் என்னும் இரும்புத் தண்டைத் திருகிக் கழுத்தின் வளைவை ஒழுங்குபடுத்துதல், உடலின்மேல் தந்திகள் அமரும் பாலத்தின் மேலுள்ள சேடில் என்னும் சிறு தாங்கிகளை உயர்த்தியும் தாழ்த்தியும் தந்திகளின் உயரத்தை அமைத்தல், அச்சேடில்களை முன்பின்னாக நகர்த்திச் சுருதியைச் சரிசெய்தல் என்று ஒரு வரிசையில் செல்கிறது. முந்தியது பிந்தியதைப் பாதிப்பதால் வரிசையை மாற்ற இயலாது. தந்தியை அழுத்தும்போது அது சற்றே இழுபட்டு ஒலி உயர்வதால், பன்னிரண்டாம் ஃபிரெட்டில் தந்தியை அழுத்தி மீட்டும் ஒலியை, அதே இடத்தில் விரலை மெல்லத் தொட்டு எழுப்பும் இயல்பான ஒலியோடு ஒப்பிட்டு, அழுத்திய ஒலி உயர்ந்திருந்தால் சேடில் பின்னே தள்ளப்படுகிறது. இத்தனையும் முடிந்தபின் மெல்லிய தந்திகளை நீக்கித் தடித்த தந்திகளைக் கட்டினால், இழுவிசை மிகுந்து கழுத்து முன்னோக்கி வளைகிறது, தந்திகள் உயர்கின்றன, சுருதியும் பிசகுகிறது. வேலை மீண்டும் தொடக்கத்திலிருந்து செய்யப்படுகிறது.

நியாய, வைசேடிகத் தத்துவ மரபினர் அவயவி என்று அழைத்த கருத்து இங்குத்தான் உயிர்பெறுகிறது. அவயவி என்பது பாகங்களில் உறையும், ஆனால் பாகங்களின் கூட்டுத்தொகையன்றித் தனிப்பொருளான, முழுமை. ஒரு பாகம் நீங்கினால் பழைய முழுமை அழிந்து புதியதொன்று தோன்றுகிறது என்று அவர்கள் கூறியது கேட்பவருக்கு மிகையாகத் தோன்றும். தந்தி மாற்றியதால் கிட்டார் புதிதாகிவிட்டது என்று எந்த உரிமையாளரும் சொல்வதில்லை. எனினும் சீரமைப்பவர் தந்தி மாறியதும் முன்பு பார்த்த அளவுகளை நம்பாமல் எல்லாவற்றையும் மறுபடி அளக்கிறார். மேலும் சுருதிச் சுத்தம் தந்தியில் மட்டும் இல்லை, சேடிலில் மட்டும் இல்லை, கழுத்தில் மட்டும் இல்லை. பாகங்களுக்கு இல்லாத குணம் முழுமைக்கு உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேடுவது கடினம்.

இதற்குப் பௌத்தர் தரக்கூடிய மறுமொழி வலுவுடையது. பாகங்கள் ஒன்றையொன்று சார்ந்தே நிற்கின்றன என்பதைத்தான் தாமும் சொல்வதாகவும், சரியான தந்தி உயரம் என்பதே வாசிப்பவரின் கையைச் சார்ந்தது என்பதால் முழுமை கருவிக்குள் அடங்கவில்லை என்றும் அவர் கூறலாம். அழுத்தமாக மீட்டுபவருக்குத் தாழ்வான தந்தி ஃபிரெட்டில் உரசி இரையும். மென்மையாக வாசிப்பவருக்கு அதுவே மிக வசதி. நியாய வைசேடிகரின் வாதம் தளர்வது இவ்விடத்தில்தான். பொருள் நிலைத்திருக்க அதன் நிலைமைகள் தோன்றியும் அழிந்தும் மாறுகின்றன என்னும் சமணக் கொள்கை இருதரப்பையும் இணைப்பதுபோல் தோன்றினாலும், கழுத்தும் உடலும் மாறியபின் நிலைத்து நிற்கும் பொருள் எது என்று பிளாக்கியைச் சுட்டிக் கேட்டால் அதற்கு விடை எளிதன்று.

குறைந்த செலவில் பழைய கிட்டார் வாங்குவோர் இவ்விவாதத்தை அறியாமலே அதில் ஒரு பக்கம் சாய்கின்றனர். பெயரையும் வண்ணத்தையும் பார்த்து வாங்குபவர் வழக்கை வாங்குகிறார். முழுமையை நாடுபவரோ கழுத்தின் ஓரத்தில் கண்ணை வைத்து அது முறுக்கிக்கொண்டுள்ளதா என்று நோக்குகிறார், டிரஸ் ராட் திரும்புகிறதா என்று சோதிக்கிறார். கரகரக்கும் ஒலிக்குமிழையும், தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றும் பிக்கப்பையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார். முறுக்கிய கழுத்தைத் திருத்துவதற்கு ஆகும் செலவு மலிவான கிட்டாரின் விலையையே மிஞ்சிவிடக்கூடும் என்பதால், அவர் அத்தகைய கருவியைத் தவிர்த்து, தம் பணத்தில் ஒரு பகுதியைச் சீரமைப்புக்கு ஒதுக்கியே விலை பேசுகிறார்.