நான்கு காலும் தரையில்

ஒரகடத்திலோ இருங்காட்டுக்கோட்டையிலோ ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸில் இறங்கி வந்து கேட்டைத் திறக்கிறோம். நாய் மேலே தாவுகிறது. "ச்சீ, இறங்கு" என்று கையால் தள்ளுகிறோம். நாள் முழுக்கக் காத்திருந்த நாய்க்கு அந்தத் திட்டும் தொடுதலும்கூடப் பரிசுதான். தாவச் சொல்லிக்கொடுப்பவர்கள் நாமே.

பரிசு உடனுக்குடன் வர வேண்டும், ஒரு நொடி தாமதித்தாலும் அதன் பலன் பெரிதும் போய்விடும் என்று உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் 1951-இலேயே எழுதினார். ஆகவே தாவும்போது பார்க்காமல், பேசாமல் நில்லுங்கள். நான்கு காலும் தரையில் பட்ட அந்தக் கணமே வேகவைத்த கோழித் துண்டு ஒன்று கொடுங்கள். முதலில் ஒரு நொடி அமைதிக்கு. பிறகு மூன்று, ஐந்து, பத்து என நீட்டலாம்.

தொடக்கத்தில் தாவல் கூடவும் செய்யும். அப்போது மனம் இளகினால், விடாமல் தாவினால் கிடைக்கும் என்றே அது கற்றுக்கொள்ளும். வீட்டில் எல்லோரும் இதில் ஒன்றாக நிற்க வேண்டும். சிப்பிப்பாறை இன நாயோ தெருவில் எடுத்த குட்டியோ, அடி வேண்டவே வேண்டாம்.

இன்று வீடு திரும்பும்போது பரிசுத் துண்டு உங்கள் கையில் தயாராக இருக்கட்டும். சமையலறைக்குப் போய் எடுத்து வருவதற்குள் நேரம் தப்பிவிடும்.