பதினேழாவது சோதனை

போன வருடம் மாசி மாதம் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் வேறொரு நாட்டில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் மாணவி. ஏறத்தாழ இருபது வருடங்களுக்கு முன்னர் நான் எழுதிய முதுமாணி ஆய்வேட்டை எங்கோ தேடி எடுத்து வாசித்திருக்கிறார். நான் செய்தது போலவே செப்புக் கட்டிகளைச் செய்து, அதே முறையில் தண்ணீரைக் கொதிக்க வைத்திருக்கிறார். சில கட்டிகளில் என்னுடைய பெறுமானங்கள் வருகின்றன, சிலவற்றில் மிகவும் குறைந்து போகின்றன என்று எழுதியிருந்தார். "உங்களுடைய மூல அளவீடுகள் இன்னும் இருந்தால் அனுப்புவீர்களா? நான் எங்கே பிழை விடுகிறேன் என்று பார்க்க வேண்டும்."

அவர் பிழை விடவில்லை என்பது அந்த வரியை வாசித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. நிலவறையில் பழைய குளிர்ச்சட்டைகளுக்குக் கீழே ஒரு பெட்டியில் என் ஆய்வுக் குறிப்பேடு கிடந்தது. அதில் எந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது.

அந்த ஆய்வைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊரில் தோசை சுடும் எவருக்கும் அதன் அடிப்படை தெரியும். கல்லுக் காய்ந்துவிட்டதா என்று பார்க்க அம்மா தண்ணீர் தெளிப்பார். அளவான சூட்டில் தண்ணீர் 'சுர்' என்று கொதித்து மறையும். கல்லு அளவுக்கு மீறிக் காய்ந்திருந்தால் துளிகள் முத்துமுத்தாக உருண்டோடும், உடனே வற்றாது. துளிக்கும் கல்லுக்கும் நடுவே மெல்லிய ஆவிப் படலமொன்று நின்று வெப்பத்தைத் தடுப்பதுதான் காரணம். லைடன்ஃப்ரொஸ்ற் என்ற ஜெர்மானியர் இதை 1756இல் எழுதிவைத்தார்.

இதே விஷயம் ஒரு கொதிகலனுக்குள்ளோ அணு உலைக்குள்ளோ நடந்தால் ஆபத்து. ஒரு மேற்பரப்பைச் சூடாக்கச் சூடாக்க, தண்ணீர் குமிழிகளாகக் கொதித்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஓர் எல்லையைத் தாண்டியதும் குமிழிகள் ஒன்றுசேர்ந்து மேற்பரப்பை மூடிவிடும். தண்ணீர் உலோகத்தைத் தொட முடியாது. வெப்பம் வெளியேற வழியில்லாமல் உலோகத்தின் வெப்பநிலை ஒரேயடியாகப் பாயும். சாதாரண மேற்பரப்பில், சாதாரண அமுக்கத்தில் கொதிக்கும் தண்ணீருக்கு அந்த எல்லை சதுர சென்ரிமீற்றருக்கு 100 வாட் அளவில் இருக்கும். செப்பின் மேற்பரப்பில் நுண்ணிய கீறல்களைப் போட்டு அந்த எல்லையை எவ்வளவு உயர்த்தலாம் என்பதே என் ஆய்வு. ஆறு கட்டிகள், கட்டிக்கு நான்கு தடவை, மொத்தம் 24 சோதனைகள்.

இருபத்துமூன்று சோதனைகளின் சராசரி 142 வாட். நியம விலகல் 6. அழகான முடிவு. பதினேழாவது சோதனை மட்டும் 96 வாட்டிலேயே எல்லையைத் தாண்டியது. அதாவது, கீறலே போடாத வெறும் செப்பைவிட நல்லதாக அது ஒன்றும் செய்யவில்லை. ஐந்தாவது கட்டியின் முதலாவது சோதனை அது. அடுத்த மூன்று தடவையும் அதே கட்டி 140ஐ ஒட்டியே நடந்துகொண்டது.

வரைபடத்தைப் பார்த்த என் பேராசிரியர், ஏதோ கோளாறாக இருக்கும், எடுத்துவிடலாம் என்றார். அதற்கு விதியும் உண்டு. 1863இல் வில்லியம் ஷோவெனே என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் எழுதிய புத்தகத்தில் இருந்து வந்தது. இத்தனை அளவீடுகளில் இவ்வளவு தூரம் விலகிய ஒன்று வருவதற்கான எதிர்பார்ப்பு அரைக்கும் குறைவாக இருந்தால் அதை நீக்கலாம் என்பது அவ்விதி. இருபத்துநான்கு அளவீடுகளுக்கு நியம விலகலின் 2.3 மடங்கு எல்லை. பதினேழாவது ஏறத்தாழ நான்கு மடங்கு தள்ளி நின்றது. விதிப்படி அது போக வேண்டியதுதான்.

நான் நீக்கினேன். அதோடு நிற்கவில்லை. ஆய்வேட்டின் அட்டவணையில் 16க்குப் பிறகு 18 வந்தால் பரீட்சகர் யாராவது கேட்பார் என்று தோன்றியது. அதனால் இலக்கங்களை மாற்றினேன். பதினெட்டாவது பதினேழாவதாயிற்று, கடைசி இருபத்துமூன்றாவதாயிற்று. "23 சோதனைகளின் முடிவுகள்" என்று எழுதினேன். அந்த வாக்கியத்தில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

இதுதான் நான் கேட்க விரும்பும் கேள்வி. ஒரு சொல்லும் பொய்யில்லாத இடத்தில் பொய் இருக்க முடியுமா?

முதலில் என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். அளவிடுவது என்பதே தெரிவு செய்வதுதான். கருவி சூடாகும்வரை வரும் இலக்கங்களை யாரும் பதிவதில்லை. வயர் அறுந்து தெர்மோகப்பிள் ஒன்று கொதிக்கும் தண்ணீரை மைனஸ் 40 பாகை என்று காட்டினால் அதைச் சராசரியில் சேர்ப்பவர் நேர்மையாளர் அல்ல, முட்டாள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். இருபத்துமூன்று சோறு வெந்திருக்கிறது, ஒன்று வேகவில்லை என்றால் பானையை இறக்காமல் இருப்போமா?

பெரியவர்களும் செய்திருக்கிறார்கள். எலெக்ட்ரோனின் மின்னேற்றத்தை எண்ணெய்த் துளிகளால் அளந்த ரொபேட் மில்லிக்கன், தொடர்ந்து 60 நாட்களில் ஆராய்ந்த எல்லாத் துளிகளும் இவைதான் என்று 1913இல் 58 துளிகளின் அளவீடுகளை வெளியிட்டார். 1923இல் நோபல் பரிசு பெற்றார். பிற்காலத்தில் அவருடைய குறிப்பேடுகளைப் பார்த்த வரலாற்றாசிரியர் ஜெரால்ட் ஹோல்ற்றன், அவற்றில் வெளியிடப்படாத துளிகள் பல இருப்பதைக் கண்டார். அவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டாலும் முடிவு பெரிதாக மாறாது என்று மில்லிக்கனுக்காக வாதாடியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது சரி. ஆனால் முடிவு சரியாக வந்தது 'எல்லாத் துளிகளும்' என்ற சொல்லை உண்மையாக்கிவிடாது.

குறிப்பேட்டை மறுபடி வாசித்த அந்த இரவில் என் வாதங்கள் எல்லாம் ஒன்பதாவது சோதனையின் பக்கத்தில் வந்து விழுந்தன. அந்தச் சோதனை 154 வாட் காட்டியது. எல்லாவற்றிலும் உயர்ந்த பெறுமானம். பக்கத்தின் அடியில் என் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறது: "இரண்டாவது தெர்மோகப்பிள் துளைக்குள் சற்று நகர்ந்திருக்கிறது." இரண்டு தெர்மோகப்பிள்களுக்கும் இடையே 6 மில்லிமீற்றர். அவற்றின் வெப்பநிலை வித்தியாசத்தை அந்த இடைவெளியால் வகுத்துத்தான் வெப்பத்தைக் கணக்கிடுவோம். ஒன்று அரை மில்லிமீற்றர் விலகினால் விடை எட்டு வீதத்துக்கு மேல் பிழைக்கும். 142இல் எட்டு வீதத்தைக் கூட்டிப் பாருங்கள், ஏறத்தாழ 154தான் வரும்.

பதினேழாவது பக்கத்தில் அப்படி எந்தக் குறிப்பும் இல்லை. கருவி சரி, தண்ணீர் சரி, இணைப்புகள் சரி. நீக்கக் காரணம் இருந்த பெறுமானத்தை வைத்திருந்தேன். காரணம் இல்லாததை நீக்கினேன். ஒன்பதாவது எனக்குப் பிடித்த பக்கம் விலகியிருந்தது, பதினேழாவது பிடிக்காத பக்கம். பதினேழாவது சோதனை 188 வாட் காட்டியிருந்தால் நான் ஷோவெனேயைத் தேடிப் போயிருப்பேனா? மாட்டேன். நான் விதியைப் பின்பற்றவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். முடிவை முதலில் எடுத்துவிட்டு விதியைப் பிறகு கூப்பிட்டேன்.

அந்த விதிகூட, ஒன்றைச் சராசரியில் சேர்க்காமல் விடலாம் என்றுதான் சொல்கிறது. சேர்க்கவில்லை என்பதையும் சொல்லாமல் விடலாம் என்று அது எங்கும் சொல்லவில்லை. நீக்குவதும் மறைப்பதும் இரண்டு வேறு செயல்கள். முதலாவது தீர்மானம், அதில் பிழை விடலாம், இன்னொருவர் திருத்தலாம். இரண்டாவது, திருத்தக்கூடியவரின் கண்ணைப் பொத்துவது. என் பிழை பென்சிலால் கோடு போட்டதில் இல்லை. இலக்கத்தை மாற்றியதில் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. என் அளவீட்டைப் பயன்படுத்துகிறவருக்கு வேண்டியது சராசரி அல்ல. இயந்திரம் வடிவமைப்பவர் எல்லாவற்றிலும் பலவீனமானது எது என்றுதான் கேட்பார். அழுத்த நீர் அணு உலைகளில் மிகச் சூடான எரிபொருள் கோல்கூட இந்த எல்லையைத் தொடாது என்பதை 95 வீத நிகழ்தகவோடும் 95 வீத நம்பிக்கையோடும் காட்டியாக வேண்டும். அந்தக் கணக்கில் அடிமட்டத்தில் விழும் பெறுமானங்களுக்குத்தான் மதிப்பு. சோற்றுக்குள் ஒரு கல்லுக் கிடந்தால், வெந்த சோறுகளைக் காட்டி யாரும் பல்லைச் சமாதானப்படுத்த முடியாது.

அப்பா யாழ்ப்பாணத்தில் ஒரு சின்ன லேத் பட்டறை வைத்திருந்தார். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலம். பெற்றோல் இல்லை, மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. உதிரிப்பாகங்கள் வராது. வெங்காயத் தோட்டக்காரர்கள் உடைந்த இறைப்பு மிசின்களைக் கொண்டுவருவார்கள். அப்பா வெல்டிங் பிடித்து ஒட்டிக் கொடுப்பார். ஒட்டிய இடத்தை மட்டமாக அரைக்க மாட்டார். அதற்கு மேல் சிவப்புப் பெயின்றும் ஒரு கீறு இழுத்துவிடுவார்.

"என்ன அண்ணை, புண் மாதிரிக் கிடக்கு. வடிவா அரைச்சு விட்டால் என்ன?" என்று ஒருவர் கேட்டது ஞாபகம் இருக்கிறது.

"அரைச்சா ஒருத்தருக்கும் தெரியாது. அடுத்த முறை கழட்டுறவனுக்கு இது ஒட்டின இடம் எண்டு தெரிய வேணும்."

அப்பா அதை அறம் என்று சொன்னதில்லை. தொழில் என்றுதான் சொன்னார். எனக்குப் பட்டம் தந்த பல்கலைக்கழகத்தில் இயந்திர வடிவமைப்பும் வெப்ப இடமாற்றமும் படித்தேன். காப்புக் காரணியை எப்படித் தெரிவது என்று பக்கம் பக்கமாகப் படித்தேன். அந்தச் சிவப்புக் கீறு எந்தப் பாடத்திலும் வரவில்லை.

ஏன் செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். ஆய்வுப் பணம் அந்த சித்திரையோடு முடிகிறது. இரவில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறேன். ஊரில் இருக்கும் தங்கையின் கலியாணத்துக்குக் காசு அனுப்ப வேண்டும். ஐந்தாவது கட்டியை மறுபடி செய்து சோதிக்க இரண்டு மாதமாவது ஆகும். இவை காரணங்கள், நியாயங்கள் அல்ல. பதினேழாவதை அடிக்குறிப்பில் எழுத எனக்கு இரண்டு மாதம் தேவைப்பட்டிருக்காது. இரண்டு நிமிடம் போதும். வறுமை என்னை அவசரப்படுத்தியது உண்மை. இலக்கத்தை மாற்றச் சொன்னது அதுவல்ல. ஒரு குறையும் இல்லாதவனாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை. அகதியாக வந்தவனுக்கு அந்த ஆசை கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

கொதித்தலின் வரலாற்றில் ஒரு சம்பவம் இருக்கிறது. 1934இல் ஜப்பானின் செண்டாய் நகரில் சிரோ நுகியாமா தண்ணீருக்குள் நிக்ரோம் கம்பியை மின்சாரத்தால் சூடாக்கினார். ஓர் அளவுக்கு மேல் கம்பி சடுதியாக உருகி அறுந்தது. கம்பி சரியில்லை என்று அவர் அதை ஒதுக்கியிருக்கலாம். அவரோ கூடுதல் வெப்பம் தாங்கும் பிளாட்டினம் கம்பியைப் போட்டு, உருகிய கணத்துக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று பார்த்தார். கொதித்தல் வளைகோடு என்று இன்று எல்லாப் பாடநூல்களிலும் இருப்பது அப்படித்தான் கிடைத்தது. அறுந்த கம்பிதான் கண்டுபிடிப்பு.

என் பதினேழாவதும் அப்படியான ஒன்றா? குறிப்பேட்டின் திகதிகளைப் பார்த்தேன். ஐந்தாவது கட்டியை மார்கழி நடுவில் செய்து முடித்திருக்கிறேன். நத்தார் விடுமுறை முடிந்து, மூன்று வாரம் கழித்துத்தான் சோதித்திருக்கிறேன். மற்றக் கட்டிகள் எல்லாம் செய்த மறுநாளே தண்ணீருக்குள் போனவை. காற்றில் கிடக்கும் செப்பில் எண்ணெய்த் தன்மையான அழுக்குகள் படியும், தண்ணீர் அதில் சரியாக ஒட்டாது, எல்லை குறையும். மாணவியின் குறைந்த பெறுமானங்களும் நாட்பட்டுக் கிடந்த கட்டிகளில்தானாம். ஆனால் ஒரு புள்ளியை வைத்து எதையும் நிறுவ முடியாது. அது கண்டுபிடிப்பாக இல்லாமல் வெறும் கோளாறாக இருந்தாலும் நான் செய்தது மாறாது. மில்லிக்கனுக்குச் சொன்னது எனக்கும்தான்.

எல்லாப் பக்கங்களையும் ஸ்கான் செய்து அவருக்கு அனுப்பினேன். இலக்கம் மாற்றியதையும் எழுதினேன். பல்கலைக்கழக நூலகத்துக்கு எழுதி, ஆய்வேட்டோடு ஒரு பக்கத் திருத்தக் குறிப்பைச் சேர்க்கச் செய்தேன். ஓய்வுபெற்றுவிட்ட பேராசிரியருக்கும் அறிவித்தேன். இத்தனை வருடத்துக்குப் பிறகு இது தேவையா, நானாக இருந்தால் விட்டிருப்பேன் என்று பதில் எழுதினார். கோபமில்லை, இரக்கம்தான் தெரிந்தது. அதற்கு நான் இன்னும் பதில் போடவில்லை.

மாணவி ஒரு வாரம் கழித்து எழுதினார். ஏழு மாதமாகத் தன் கைதான் பிழை என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். நன்றி சொல்லியிருந்தார். அந்த நன்றியை நான் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த ஏழு மாதம் என் கணக்கில் இருக்கிறது.